வரப்பு அறியாத மகரந்தம்

கீரையும் கத்தரியும் ஒரு வீட்டுப் புறக்கடையில் தனித்தே விளைந்துவிடும். ஆனால் மக்களின் பிரதான ஆகாரமாகிய தானியமும், அதனோடு சேர வேண்டிய பயறும் எண்ணெய் வித்தும் ஒருவருடைய பிரயாசையில் அடங்குவன அல்ல என்பதற்கு, பர்கூர் மலையடிவாரத்தில் அந்தியூரைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் விளையும் கம்பே பிரத்தியட்ச சாட்சி.

இலையுறையை விட்டு வெளிவந்த கம்பங்கதிரைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்தால், முதலில் இறகு போன்ற வெண்ணிறச் சூல்முடிகள் மட்டுமே நீட்டி நிற்பதையும், மகரந்தப் பைகள் இரண்டு மூன்று நாள் கழித்தே தலைகாட்டுவதையும் காணலாம். அதற்குள் காற்று கொண்டுவந்த அயற்காட்டு மகரந்தத்தைச் சூல்முடி ஏற்றுவிடுகிறது. கோயமுத்தூரில் 1923-இல் தொடங்கிய சிறுதானிய ஆராய்ச்சி நிலையமும், அங்கே நெடுங்காலம் உழைத்த ஜி. என். ரங்கசாமி ஐயங்காரும் நம் சிறுதானியங்களின் இத்தகைய சுபாவங்களை நுணுகி ஆராய்ந்தனர். விதைக்கென்று கம்பு பயிரிடுவோர் வேறு இரகத்திலிருந்து சில நூறு மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மூன்று ஏக்கர் உடையவருக்கு அவ்வளவு இடைவெளி எங்கே கிடைக்கும்? பக்கத்துக் காட்டுக்காரர்களும் அதே இரகத்தை விதைப்பதுதான் வழி. ஆமணக்குக்கும் காற்றே தூது. துவரையிலோ தேனீக்கள் ஓரளவு கலப்பை உண்டாக்கிவிடுகின்றன.

குருவிகள் விஷயமும் இத்தகையதே. ஒரு காடு மட்டும் முந்தி முற்றினால் ஊர்ப் பறவை அத்தனையும் அங்கேதான் இறங்கும். எல்லாம் ஒரே பட்டத்தில் பால் பிடித்தால் சேதம் பங்கிடப்பட்டு, தாங்கக்கூடிய அளவில் நின்றுவிடும்.

செடிகளுக்குள்ளேயும் இந்தக் கூட்டுறவு உண்டு. பயறு வகைகளின் வேர்முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உணவாக்கித் தருகின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ரீகல் 1886-இல் வெளியிட்டார். ராகியோடு துவரையைச் சேர்த்து வளர்த்த அண்மைக்கால ஆய்வுகளில், ஆழத்து ஈரத்தை மேலே இழுக்கும் துவரை வேரினால், மண்ணிலுள்ள வேர்ப்பூஞ்சை இழைகளின் துணையோடு, ராகிப் பயிரும் பயனடைவது தெரியவந்திருக்கிறது. தானியத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்து பயறில் மிகுதி என்பதால், காட்டில் கூடியவை வயிற்றிலும் கூடியே பயன் தருகின்றன.

கொல்லிமலையில் மரவள்ளி பரவிச் சாமையும் தினையும் அருகியபோது, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்தோறும் விதை வங்கிகள் அமைய உதவியது. விதை கடனாகப் பெற்றவர் அறுவடைக்குப் பின் விதையாகவே திருப்பித் தரும் அந்த ஏற்பாடு, நம் அந்தியூர்ப் பக்கமும் வரவேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். ஆனால் கம்புக்கு அதில் ஒரு விசேஷக் கவனம் தேவை. ஒருசில பெருங்கதிர்களை மட்டும் தேர்ந்து ஆண்டுதோறும் விதைத்தால், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி, பயிரின் வீரியம் குன்றும். ஆகையால் சேர்ந்து விதைத்த காடுகள் அனைத்திலும், வெவ்வேறு செடிகளிலிருந்து நூற்றுக்கணக்கான நல்ல கதிர்களைக் கொய்து, ஒரே களத்தில் அடித்துக் கலந்து, அதன்பிறகே வீட்டுக்கு வீடு விதை பிரித்துக்கொள்ள வேண்டும்.