ஏற்றத்தில் நடந்தேன், நேரத்தில் முடித்தேன்

கடந்த ஆண்டு ஆறாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டேன். கோலா தெர்லாவில் உள்ளூர் இளைஞர்கள் ஏற்பாடு செய்த 12 கிலோமீட்டர் மலையோட்டம் அது. பள்ளிக் குறுக்கோட்டத்தில் இரண்டாவதாக வந்தவள் என்ற துணிச்சலில், முதல் மேட்டிலேயே பாதிப் பேரை முந்தினேன். தேயிலைத் தோட்டத்துக்குள் பாதை செங்குத்தாகத் திரும்பும் வளைவில் மூச்சு முட்டியது. என் வயதைப் போல் இரு மடங்கு இருக்கும் ஓர் அக்கா, கைகளைத் தொடையில் ஊன்றி, நடந்தே என்னைத் தாண்டிப் போனார். நான் ஏற்பாட்டாளர்களின் லோரியில் ஏறித் திடலுக்குத் திரும்பினேன்.

அந்த லோரிப் பயணம்தான் இந்த ஆண்டும் என்னைப் பெயர் கொடுக்க வைத்தது. எஸ்.பி.எம். ஆண்டு என்பதால் வீட்டில் எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. "இதுதான் கடைசி. அப்புறம் புத்தகம் மட்டும்தான்" என்றார் அப்பா. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்காதவர்களுக்குப் பதக்கம் கிடையாது.

என் உடற்கல்வி ஆசிரியர் ஓடச் சொல்வதற்கு முன் கணக்குப் போடச் சொன்னார். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு விதியை எழுதி வைத்தாராம். இன்றைய அளவில் சொன்னால், நடப்பவருக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் பாதையின் மொத்த ஏற்றம் ஏறக்குறைய 500 மீட்டர். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 50 நிமிடம், ஆக 3 மணி 14 நிமிடம். அதாவது சாதாரணமாக நடப்பவரைவிட 44 நிமிடம் மிச்சம் பிடிக்க வேண்டும். எங்கே?

"ஏற்றத்தில்" என்றேன். சார் தலையை ஆட்டினார். மிகச் செங்குத்தான இடத்தில் என்னைப் போன்றவர்கள் ஓடினாலும் நடந்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. இதயம் மட்டும் ஓட்டத்தில் கூடுதலாக அவதிப்படும். மிச்சம் பிடிக்க வேண்டியது சமதளத்திலும் இறக்கத்திலும்தான்.

"நடந்தால் சிரிப்பார்களே, சார்?"

"1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி.சரவணன் 50 கிலோமீட்டர் நடந்துதான் தங்கம் வாங்கினார். யார் சிரித்தார்கள்?"

வேகநடை வேறு, மேட்டில் தள்ளாடி நடப்பது வேறு என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பதில் பிடித்துப்போனது.

இறக்கத்தைச் சொல்லிக் கொடுத்தது பாட்டி. கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து பல ஆண்டுகள் மலைச்சரிவில் இறங்கியவர். "காலை எட்டிப் போடாதே, பொடி அடியா வை. பின்னால சாஞ்சா வழுக்கி உட்கார்ந்துருவே" என்றார். சார் அதற்கே காரணம் சொன்னார். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே நம் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அடி நீளமானால் ஒவ்வொரு அடியும் பிரேக் போடுவதுபோல. அந்தத் தசைகள்தான் அதிகம் அடிபடும். இரண்டு மாதம் மாலை வேளைகளில் எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் பொடி அடி பழகினேன்.

போட்டிக்கு முந்தைய இரவு நல்ல மழை. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளிலிருந்து காலையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே கடைசி வரிசையில் நின்றேன். மேடு தொடங்கியதும் நடந்தேன். "அக்கா, கடைக்கா போறீங்க?" என்று நான்காம் படிவப் பையன்கள் இரண்டு பேர் கேட்டுவிட்டு ஓடினார்கள். முகம் சுட்டது. ஓடிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். லோரி ஞாபகம் வந்தது. போன ஆண்டு உட்கார்ந்த அதே வளைவில் அவர்களில் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் தண்ணீர் போத்தலைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

உச்சியிலிருந்து செம்மண் சேறு. ஒரு முறை வழுக்கி முழங்கை சிராய்ந்தது. ஆனாலும் அங்கேதான் பத்துப் பதினைந்து பேரை முந்தினேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் கடிகாரம் 2 மணி 7 நிமிடம் காட்டியது. மீதி மூன்று கிலோமீட்டருக்கு 23 நிமிடம். அந்த மூன்றையும் நிற்காமல் ஓடினேன். திடலில் கோட்டைத் தாண்டியபோது 2 மணி 27 நிமிடம். பெண்களில் பதினோராவது.

மறுநாள் காலை எங்கள் வீட்டுப் படிகள் மூன்றிலும் பக்கவாட்டாக இறங்கினேன். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி பார்த்துவிட்டார்.

"கூடை இல்லாமலே இப்படியா?"