மொகிலி இறக்கத்தில் தெரியும் லாரியின் வயது

புதுதில்லி: லாரியின் வயதைக் கணக்கிடுவது தலைநகரத்துக்கு எளிது. பதிவுச் சான்றைப் பார்த்தால் போதும். அதன் உடல்நிலையைக் கணிப்பதுதான் கடினம். பழைய வாகனக் கழிப்புக் கொள்கையைப் பிரதமர் 2021 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார். தகுதித் தேர்வில் தோற்கும் சரக்கு வாகனமே கழிக்கப்படும் என்று ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் கட்டணம் வயதைப் பார்த்தே வாங்கப்படுகிறது. 15 ஆண்டைக் கடந்த கனரக வாகனத்தின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் ரூ.12,500 ஆனது. 2025 நவம்பரில் வெளியான திருத்தம், 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு அதை ரூ.25,000 என நிர்ணயித்தது.

இந்த விதிகள் சாலையில் என்ன பொருள் பெறுகின்றன என்பதை அறிய ஆந்திரத்தின் சித்தூர் பொருத்தமான இடம். தோத்தாபுரி மாம்பழமும் வெல்லமும் ஏற்றுமதியாகும் நகரம் அது. நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாத இரண்டச்சு லாரிகள் இதுபோன்ற குறுந்தொலைவுச் சுமைகளில்தான் கடைசிக் காலத்தைக் கழிக்கின்றன. நாடு முழுவதும் இதுவே வழக்கம். சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மேற்கே பெங்களூர் நோக்கிப் போனால் பங்காருபாளையத்தை அடுத்து மொகிலி மலைச்சாலை.

பல ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்ட டாட்டா 1210 அல்லது லேலண்டு காமெட் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டு வந்தால், எஞ்சின் பெரும்பாலும் உரிமையாளரை ஏமாற்றிவிடும். பம்பையும் நாசில்களையும் சரிபார்த்து, புது பேட்டரி பொருத்தினால் உறுமிக்கொண்டு கிளம்பும். தொல்லை தொடங்குவது 20 கிலோமீட்டர் கடந்த பிறகுதான். டேங்க் அடியில் படிந்திருந்த துருவும் கசடும் குலுக்கலில் கலங்கி எழுந்து டீசல் பில்டரை அடைக்கும். வண்டி திணறும். குழாயில் காற்று புகுந்துவிட்டால், சாலையோரத்தில் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றும் வரை நகராது. டேங்கைக் கழற்றிக் கழுவுவது முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். அது கடைசி வேலையாகிவிடுவது பட்டறைகளில் அன்றாடக் கதை.

ரேடியேட்டரும் அப்படித்தான். உப்புப் படிந்து பாதிக் குழாய்கள் அடைபட்டிருந்தாலும் சமதளத்தில் முள் உயராது. ஏற்றத்தில் பாரத்துடன் இரண்டாவது கியரில் ஊரும்போது நீர் கொதித்து, ஹெட் காஸ்கெட் போய்விடும். எஞ்சின் எண்ணெயில் நீர் கலந்து மோர் நிறத்துக்கு மாறும். அதையும் சரிசெய்து எஞ்சினுக்குப் பழைய வலு திரும்பினால், இதுவரை அந்த வலுவைத் தாங்க நேராத கிளட்ச் பிளேட் நழுவத் தொடங்கும். ஒன்றைச் சீராக்கினால் அடுத்தது பல்லைக் காட்டும்.

இவையெல்லாம் வண்டியை நிறுத்துகிற பழுதுகள். நிற்க விடாத பழுது வேறு.

தேய்ந்த பிரேக் டிரம்மில் புதிய லைனிங் போட்டால் அது முழுப்பரப்பும் பதியாது. மேடான இடங்கள் மட்டுமே உரசும். டிரம்மைப் பலமுறை கடைந்து மெலிய வைத்திருந்தால் விரைவில் சூடேறும். 16 டன் எடையுள்ள லாரி 200 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 100 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சிறிய கியரில் இறங்கினால் அதில் ஒரு பகுதியை எஞ்சின் தாங்கும். நியூட்ரலில் உருட்டினால் ஏறக்குறைய முழுவதும் டிரம்களின் தலையில்தான். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

எண்ணெயால் இயங்கும் பிரேக்கில் இன்னொரு சூழ்ச்சி உண்டு. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது ஆவியாகும்போது மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. அரைமணி நேரம் ஆறிய பிறகு மிதி பழைய நிலைக்கு வந்துவிடும். பட்டறையில் பார்த்தால் பழுதே இருக்காது. அதிகாரி பார்த்தாலும் இருக்காது.

மொகிலி மலைச்சாலையில் 2024 செப்டம்பர் 13 அன்று ஆந்திர அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதியதில் குறைந்தது 8 பேர் உயிரிழந்தனர். அந்த விபத்தைப் பழைய வாகனங்களின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. ஆனால் அந்தச் சரிவு பிழையை மன்னிக்காது என்பதற்கு அது சாட்சி. பக்கத்துத் திருமலையில் 1944-ல் ஒரு மலைப்பாதையும் 1974-ல் இன்னொன்றும் திறக்கப்பட்டு, இன்று ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாக இயங்குகின்றன. சரக்கு லாரிகளுக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு வாய்ப்பதில்லை.

ஆகவே புதுப்பித்த லாரியை முறையாகச் சோதிப்பவர் முதலில் வெறும் வண்டியாகத் திருப்பதிச் சாலையில் விடுவார். சந்திரகிரியில் நிறுத்தி நான்கு சக்கரங்களின் குடத்தருகேயும் கையை வைத்துப் பார்ப்பார். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக் பிடிக்கவே இல்லை. பிறகு அரைப் பாரம், பிறகு முழுப் பாரம். மொகிலி கடைசியில்தான்.

அரசின் சோதனை இப்படி இல்லை. கனரக வாகனங்களுக்குத் தானியங்கிச் சோதனை மையங்களைக் கட்டாயமாக்கும் கெடு 2023 ஏப்ரலில் இருந்து 2024 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கண்ணால் பார்த்துச் சான்று தருவதைவிட இம்மையங்கள் மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் உருளைமேல் சக்கரத்தை நிறுத்திச் சில வினாடிகள் பிரேக்கை அழுத்திப் பார்ப்பது ஆறிய பிரேக்கின் சோதனையே. சூடேறிய பிரேக்கையும் நீண்ட இறக்கத்தையும் சோதிக்கும் முறை ஐ.எஸ்.11852 என்னும் இந்தியத் தரநிர்ணயத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் புதிய மாடல் சந்தைக்கு வருமுன் ஒப்புதல் பெறும்போது செய்யப்படுவது அது. இருபது ஆண்டு ஓடித் தேய்ந்த லாரி அந்தச் சோதனையை மறுபடி சந்திப்பதே இல்லை. இதற்கிடையில் 2018 ஜூலையில் மத்திய அரசு இரண்டச்சு லாரிக்கான மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது.

தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்ததும், உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்ததும் காற்று மாசு காரணமாக. தில்லியின் கவலை புகை. சித்தூரின் கவலை பிரேக். முன்னதற்கு எழுதிய அளவுகோல் பின்னதற்கும் பொருந்தும் என்று அமைச்சகம் கருதுவதாகத் தோன்றுகிறது.

ஓரிரு லாரிகளே வைத்திருப்பவருக்குச் சான்றுக் கட்டணமும் பிரேக் வேலைக்கான செலவும் ஒரே பையிலிருந்துதான் வருகின்றன. முதலாவது உயர்ந்தால் இரண்டாவது தள்ளிப்போகும். பழைய சரக்கு வாகனத்தைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவோருக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை, 8 ஆண்டுகளுக்குச் சலுகை தர 2021 அக்டோபர் அறிவிக்கை வழிசெய்தது. டிரம்மையும் லைனிங்கையும் புதிதாக மாற்றி, முழுப் பாரத்துடன் சோதித்துக் காட்டுபவருக்கு அந்த அறிவிக்கையில் எதுவும் இல்லை.