நகரா விசை

தமிழில் 247 எழுத்துகள். சாதாரணத் தட்டச்சுப் பொறியிலோ ஏறக்குறைய 45 விசைகள்தாம். ஒரு விசைக்கு இரண்டு குறிகள் என்றாலும் 90தான் வரும். அப்படியானால் தமிழை எவ்வாறு தட்டச்சு செய்தார்கள்?

விசையை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். விசை என்பது நெம்புகோலின் ஒரு முனை. அதை அழுத்தியதும் எழுத்துக்கம்பி எழும்பி, மைநாடாவின் மீது அடித்துக் காகிதத்தில் எழுத்தைப் பதிக்கிறது. அதே வேளையில் அக்கம்பி ஒரு பொதுச் சட்டத்தையும் தள்ளுகிறது. சட்டம் ஒரு பற்சக்கரத்தின் தடையை விடுவிக்கிறது. உடனே, காகிதத்தைத் தாங்கிய வண்டியைச் சுருள்வில் ஓர் எழுத்தின் அகலத்துக்கு இடப்புறம் இழுக்கிறது. ஊசல் கடிகாரத்தின் சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்வதும் இவ்வாறே.

'க்' எழுத, 'க'வின் தலைமேல் புள்ளி விழவேண்டும். ஆனால் 'க' பதிந்ததும் வண்டி நகர்ந்துவிடுமே! புள்ளி பக்கத்து இடத்தில் அல்லவா விழும்?

யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, பின்னர் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது இதற்கு 'நகரா விசை'யைப் பயன்படுத்தினார். ஐரோப்பிய மொழிப் பொறிகளிலும் எழுத்தின் மேலிடும் குறிகளுக்கு இத்தகைய விசை உண்டு. இதன் கம்பி பொதுச் சட்டத்தைத் தொடாது. எனவே குறி பதியும்; வண்டி நகராது. அடுத்து 'க'வை அடித்தால் அது புள்ளியின் கீழேயே விழும். கையால் எழுதும்போது புள்ளி கடைசியில். பொறியில் புள்ளி முதலில்!

எங்கள் ஊரான ஆழ்வார்குறிச்சியின் பெயரையே பாருங்கள். ழ், ர், றி, ச், சி ஆகிய 5 எழுத்துகளுக்கு நகரா விசை வேண்டும்.

பழைய தமிழ்ப் பொறி கிடைத்தால் சோதித்துப் பாருங்கள். புள்ளி விசையை மூன்று முறை அழுத்துங்கள். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் விசை சரி. புள்ளிகள் வரிசையாக ஓடினால், கம்பி எங்கோ சட்டத்தைத் தொடுகிறது என்று பொருள்.

கணினி விசை நெம்புகோலால் எழுத்தை அடிப்பதில்லை. 'இந்த விசை அழுத்தப்பட்டது' என்று மின்குறிப்பு மட்டுமே அனுப்புகிறது. எழுத்தைத் தீர்மானிப்பது நிரல். அதனால் 1999இல் வந்த 'தமிழ்99' முறையில் ச, ச, இ என்று மூன்று விசைகளை அழுத்தினாலே 'ச்சி' கிடைக்கிறது. புள்ளியை நிரலே இட்டுக்கொள்கிறது. தட்டச்சுப் பொறியிலோ புள்ளி, ச, கொக்கி, ச என நான்கு அழுத்தங்கள்.

அன்று ஒரு கம்பி சட்டத்தைத் தொடாமல் விட்டதால் தீர்ந்த சிக்கலை, இன்று நிரல் தீர்க்கிறது. விசையை வடிவமைப்பவர், அது எதை இயக்க வேண்டும் என்பதோடு எதை இயக்கக் கூடாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.