தங்கம் பெட்டகத்தில் இருக்கிறது, உரிமம் எங்கே?

செயலியில் தங்கம் வாங்கிச் சேர்ப்பது ஒன்று. அந்தத் தங்கத்தையே பணம்போல அடுத்தவர் கணக்குக்கு அனுப்புவது வேறொன்று. இரண்டிலும் எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

சொல்கிற அளவுக்குத் தங்கம் உண்மையிலேயே இருக்குமா?

இருக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது. புற்றுநோய் மருத்துவரான டக்ளஸ் ஜாக்சன் 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘இ-கோல்டு’ சேவையைப் பாருங்கள். கிராம் கணக்கில் தங்கத்தை உலகின் எந்த மூலைக்கும் நொடியில் அனுப்ப முடிந்தது. அனுப்பியதைத் திரும்பப் பெற முடியவில்லை. 2007 ஏப்ரலில் அதன்மீது வழக்கு பாய்ந்தது, தங்கம் இல்லை என்பதற்காக அல்ல. உரிமம் பெறாமல் பணப் பரிமாற்றம் நடத்தியது, குற்றப் பணத்தை வெள்ளையாக்க உடந்தையாக இருந்தது ஆகியவையே குற்றச்சாட்டுகள். கணக்கு திறப்பவர் யார் என்று சரிபார்க்காததால் மோசடிக்காரர்களுக்கு அது வசதியான இடமாகியிருந்தது. தாங்கள் கையாள்வது ரொக்கமல்ல, அதனால் பணப் பரிமாற்ற உரிமச் சட்டம் பொருந்தாது என்ற வாதத்தை 2008 மே மாதம் நீதிமன்றம் தள்ளியது. ஜூலையில் நிறுவனத்தார் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒழுங்காகப் பயன்படுத்திய வாடிக்கையாளர்களும் தங்கள் பணத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

நம் ஊரில் டிஜிட்டல் தங்கம் சட்டப்படியானதா?

தடை இல்லை, கண்காணிப்பும் இல்லை. இந்தப் பொருட்கள் தன் வரம்புக்குள் வராதவை, சிக்கல் வந்தால் முதலீட்டாளர் பாதுகாப்பு ஏற்பாடுகள் கிடைக்காது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி எச்சரித்தது. விளம்பரத்தில் நடிகர் வருகிறார் என்பது பாதுகாப்பு ஆகாது. தங்க இடிஎஃப், மின்னணுத் தங்க ரசீது ஆகியவை செபியின் கண்காணிப்பில் உள்ளவை.

கட்டணமே இல்லை என்கிறார்களே?

கட்டணம் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 10,000 ரூபாய் கட்டினால் அதில் 3 சதவீத ஜிஎஸ்டியாகச் சுமார் 291 ரூபாய் போய்விடும். மிச்சம் 9,709 ரூபாய்க்குத்தான் தங்கம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் 3 சதவீத வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அன்றே விற்றாலும் கைக்கு வருவது 9,418 ரூபாய்தான். நாணயமாகக் கேட்டால் செய்கூலியும் அனுப்பும் செலவும் தனி. இ-கோல்டு ஆண்டுக்கு 1 சதவீதம் பெட்டக வாடகை என்று வெளிப்படையாகவே பிடித்தது. அதுவாவது கண்ணுக்குத் தெரிந்தது.

பாக்ஸ் கோல்டு போன்ற தங்க டோக்கன்கள்?

பாக்ஸ் கோல்டில் ஒரு டோக்கனுக்கு ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் தங்கம். இந்திய வருமான வரிக் கணக்கில் இவை கிரிப்டோ வகை. லாபத்துக்கு 30 சதவீத வரி; விற்கும் தொகை வரம்பைத் தாண்டினால் 1 சதவீதம் டிடிஎஸ். டோக்கனைக் கொடுத்துப் பொருள் வாங்கினாலும் விற்றதாகத்தான் கணக்கு.