சர்வரை இழுப்பது யார்?

உங்கள் கம்ப்யூட்டர் திடீரென மெதுவானால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யூ.வை அதிகம் எடுக்கும் புரோகிராம் எது என்று தெரிந்துவிடும், அதை மூடிவிடலாம். நான் வேலை பார்க்கும் டேட்டாபேஸ் சர்வர்களில் இது அத்தனை சுலபமில்லை.

ஒரு நிறுவனத்தின் சம்பளம், கணக்கு, ஸ்டோர்ஸ் மூன்றுக்குமான அப்ளிகேஷனை நாங்கள் பராமரித்தோம். ஆரக்கிள் டேட்டாபேஸ். பயன்படுத்துபவர்கள் 300 பேர். ஆளுக்கொரு இணைப்பு கொடுத்தால் சர்வர் தாங்காது. எனவே அப்ளிகேஷன் 20 இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும். இதற்குக் கனெக்‌ஷன் பூல் என்று பெயர். டேட்டாபேஸின் பார்வையில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு செஷன். செஷன்களைப் பட்டியலிடும் வி$செஷனைத் திறந்தால், 20 வரிகளிலும் ஒரே யூசர் பெயர், அப்ளிகேஷனின் பெயர்தான் இருக்கும்!

அலுவலகம் முழுமைக்கும் ஒரே பையன் டீ வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை நோட்டில் அவன் பெயர்தான் இருக்கும். 12 வடையும் யாருக்கு என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஒரு மாதக் கடைசியில் சர்வர் திணறியது. நெடுநேரமாக ஓடிய ஒரு செஷனை ஊகத்தில் நிறுத்தினேன். அது 40 நிமிடமாக நடந்துகொண்டிருந்த சம்பளக் கணக்கீடு. கமிட் ஆகாததால் செய்தது அத்தனையும் ரோல்பேக் ஆகி, பழைய நிலைக்கே போய்விட்டது. அந்தப் பிரிவினரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சர்வரோ திணறிக்கொண்டேதான் இருந்தது.

பையன் கையில் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினால் போதும். ஆரக்கிளில் அந்தச் சீட்டுக்குப் பெயர் கிளையன்ட் ஐடென்டிஃபையர். இணைப்பை எடுத்தவுடன், லாகின் செய்தவரின் பெயரை டிபிஎம்எஸ்_செஷன்.செட்_ஐடென்டிஃபையர் மூலம் அதில் எழுத வேண்டும். வி$செஷனில் அந்தப் பெயர் தெரியும். இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மறக்காமல் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் வடை முந்தையவர் கணக்கில் ஏறிவிடும்!

செஷனின் மொத்த சி.பி.யூ. கணக்கையும் அப்படியே நம்பக்கூடாது. காலையிலிருந்து அந்த இணைப்பைப் பயன்படுத்திய எல்லோருடைய வேலையும் அதில் கலந்திருக்கும். 10ஜி பதிப்பு முதல் ஆள்வாரியாகக் கணக்கு வைக்கலாம். யாருடைய கணக்கு வேண்டுமோ அவர் பெயரை டிபிஎம்எஸ்_மானிட்டரில் கொடுத்து இயக்கினால், வி$கிளையன்ட்_ஸ்டாட்ஸில் விவரம் கிடைக்கும்.

அடுத்த மாதக் கடைசியில் பெயர் சிக்கியது. ஸ்டோர்ஸ் பிரிவில் ஒருவர். போன் செய்தேன். "ரிப்போர்ட் பட்டனைத்தான் சார் அழுத்தினேன்" என்றார் பயந்துபோய். தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால், முதல் நாளிலிருந்து உள்ள அத்தனை பதிவுகளையும் தேடும்படி அந்த ரிப்போர்ட் எழுதப்பட்டிருந்தது. எழுதியவன் நான்தான். தேதி கொடுக்காமல் ஓடாதபடி அன்று மாலையே மாற்றினேன்.