கோட்டை விழுந்தது, சொல் நின்றது

ஹைதராபாத்தின் கணினித்துறை வட்டாரமான கச்சிபௌலியின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து சில கிலோமீட்டர் போனால் கோல்கொண்டா கோட்டை. ஆங்கில அகராதியில் இந்த ஊர்ப்பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு: பெருஞ்செல்வம் கொழிக்கும் இடம் எதுவானாலும் அது ஒரு 'கோல்கொண்டா'. அமெரிக்காவின் இல்லினாய், நெவாடா மாநிலங்களில் இதே பெயரில் ஊர்கள் இருக்கின்றன. இத்தனைக்கும் கோட்டைக்குள் வைரச் சுரங்கம் கிடையாது. கிருஷ்ணா ஆற்றையொட்டிக் கொல்லூர் போன்ற ஊர்களில் வெட்டிய கற்கள் இங்கே விலைபோயின, அவ்வளவுதான். 1687இல், எட்டு மாத முற்றுகைக்குப் பின், ஔரங்கசீப்பின் படை கோட்டையைப் பிடித்தது. அடுத்த நூற்றாண்டில் பிரேசில் வைரம் சந்தைக்கு வந்தது. ஊரின் மவுசு குறைந்தது. சொல்லின் மவுசு குறையவில்லை.

1611இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'குளோப்' கப்பல், கோல்கொண்டா சுல்தானின் துறைமுகமான மசூலிப்பட்டினத்தை அடைந்தது. வந்தவர்கள் துணியோடு சொற்களையும் ஏற்றிச் சென்றார்கள். பெருச்சாளியைக் குறிக்கும் தெலுங்குப் 'பந்திகொக்கு', 'பேண்டிகூட்' ஆனது. பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர், அங்கே கண்ட, எலி இனமே அல்லாத, வயிற்றில் பையுள்ள ஒரு பிராணிக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் இப்படிக் கப்பலேறியவைதான்.

வணிகம் பொருட்பெயர்களைத் தரும். ஆட்சி கச்சேரிச் சொற்களைத் தரும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதால் கோர்ட், ஜட்ஜ், ஜூரி எல்லாம் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தன. பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலம் நமக்கு வக்கீலையும் தாசில்தாரையும் விட்டுப்போன கதையேதான்.

ஹைதராபாத்துக்கு ஆங்கிலம் சுற்றுவழியில் வந்தது. அந்தச் சமஸ்தானத்தை ஆண்ட நிஜாம் 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பாடமொழி உருது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகுதான் அங்கே ஆங்கிலம் பாடமொழியானது. பத்தே ஆண்டுகளில், 1958இல், நாட்டுக்கே ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் மத்திய ஆங்கில நிறுவனம் இதே நகரில் அமைந்தது.

இன்று கச்சிபௌலி மின்னஞ்சல்களில் 'டூ த நீட்ஃபுல்' என்று எழுதினால் வெளிநாட்டு வாடிக்கையாளர் சிரிக்கிறார். 'ஆவன செய்க' என்பதற்கு ஈடான இந்தத் தொடரை நாம் உண்டாக்கவில்லை. அது பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலம். பிறந்த நாட்டில் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது, குடியேறிய நாட்டில் பிழைத்திருக்கிறது. தாய்நாட்டில் மறைந்த வழக்குகள் இப்படி வெளியே தங்கிவிடுவது மொழியியலாளர்கள் நன்கறிந்த நிகழ்வு.

கூட்டத்தை முன்கூட்டியே நடத்துவதற்கு நம்மவர் சொல்லும் 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்துவிட்டது. இனி அதைப் பிழையென்று சுழிக்கும் மேலாளர்கள் முதலில் அகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும்.