எஸ்போசிட்டோ என்னும் பெயர்

ஒருவன் இன்ன குடியிற் பிறந்தவன் என்பதை அறிவிப்பது குடும்பப் பெயர். குடி இன்னதென்று அறியப்படாத குழந்தைக்கு யாது பெயர் இடுவது? இவ்வினாவுக்கு இத்தாலி தேசத்தார் அளித்த விடைகளுள் ஒன்றே எஸ்போசிட்டோ என்பது.

'வெளியே வைக்கப்பட்டது' எனப் பொருள்படும் எக்ஸ்போசிட்டுஸ் என்னும் இலத்தீன் சொல்லினின்று இப்பெயர் தோன்றிற்று. நேப்பிள்ஸ் நகரத்து அன்னுன்சியாட்டா ஆலயத்தைச் சார்ந்த அநாதைச் சாலையின் சுவரில், சுழலும் மரப்பெட்டியொன்று அமைக்கப்பட்டிருந்தது. அதனைச் சக்கரம் என்பர். வறுமையாலோ, உலகப் பழிக்கு அஞ்சியோ மகவை வளர்க்க இயலாதார் அதனை அப்பெட்டியுட் கிடத்திச் சுழற்றுவர், உள்ளிருப்போர் எடுத்துக்கொள்வர். விட்டவர் முகத்தை எவரும் காணார். இங்ஙனம் வந்த மக்கட்கே எஸ்போசிட்டோ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அச்சக்கரம் 1875-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

ஏனைய நகரங்களில் வேறு பெயர்கள் வழங்கின. உரோமையில் ப்ரொயெட்டி என்றனர். 'எறியப்பட்டோர்' என்பது அதன் பொருள். மிலான் நகரத்துப் பெரிய மருத்துவசாலையின் சின்னம் புறா. ஆதலின் அங்கு வளர்ந்தோர் பலர் புறாவைக் குறிக்கும் கொலொம்போ என்னும் பெயர் பெற்றனர். அப்பெயருடையார் அனைவரும் அநாதைகளின் வழியினர் அல்லர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பிளாரென்ஸ் நகரத்தில் 1445-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளை ஏற்ற விடுதியின் பெயரோ இன்னொசென்டி, அதாவது 'மாசற்றோர்'. அங்கு விடப்பட்ட குழந்தைகள் சிலரோடு பாதியாக வெட்டிய நாணயமொன்றும் வைக்கப்பட்டிருந்தது. மற்றைப் பாதியைக் காட்டி ஒருநாள் மீட்கலாம் என்பது பெற்றோரின் நம்பிக்கை.

ஒரே நிலையிலுள்ள குழந்தையை ஓர் ஊர் எறியப்பட்டது என்றது. மற்றோர் ஊர் மாசற்றது என்றது. வேறுபாடு குழந்தையினிடத்தன்று, பெயரிட்டார் நோக்கின்கண் உள்ளது. பெற்றோர் செயலைப் பிள்ளையின் பெயரிற் பொறித்தால், அவன் தான் செய்யாத ஒன்றன் சுமையை ஆயுள் முழுதும் சுமப்பான். இவ்வநீதியை உணர்ந்தே, பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு அதன் பிறப்பைப் புலப்படுத்தும் பெயர் இடலாகாது என்று இத்தாலியில் 2000-ஆம் ஆண்டின் சட்ட விதி தடுக்கின்றது.

ஆயினும் பழம்பெயர் மறையவில்லை. இன்று நேப்பிள்ஸில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் எஸ்போசிட்டோவும் ஒன்று. அதனைத் தாங்குவோர் நாணுவதில்லை. அவர்கள் நாணுதற்குக் காரணமும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 7-ஆம் அதிகாரத்தில், வெளியே விடப்பட்ட மோசேயைக் குறிக்க இலத்தீன் வேதாகமம் ஆளும் சொல்லும் இதுவே. வெளியே வைக்கப்பட்ட அக்குழந்தையே பின்னாளில் ஒரு ஜனத்தை அடிமைத்தனத்தினின்று வெளியே நடத்திச் சென்றது.